கண்ணில் விட்ட சொட்டு

பி.ஃபார்ம் படித்தபோது என்னை மிரட்டிய பாடம் பீட்டா தடுப்பான்கள். ப்ரோப்ரனலால், அட்டெனலால், டிமோலால் என்று எல்லாம் ஒரே மாதிரி முடியும். சீனியர் அக்கா ஒருவர் குறுக்குவழி சொன்னார்: ஆங்கிலத்தில் ஏ முதல் எம் வரை தொடங்குபவை பெரும்பாலும் பீட்டா-1 என்ற ஏற்பியைக் குறிவைப்பவை, என் முதல் இசட் வரை பீட்டா-2ஐயும் சேர்த்து அடைப்பவை. நெபிவலால் விதிவிலக்கு, அது முதல் வகை. லேபட்டலாலும் கார்வெடிலாலும் ஆல்ஃபாவையும் அடைப்பதால் தனி. பரீட்சைக்கு அது போதும்.

ஏன் பிரிக்க வேண்டும் என்பது ஊருக்கு வந்தபோதுதான் உறைத்தது. கீரமங்கலத்தில் பெரியம்மா விடியும் முன் பூப் பறித்து கமிஷன் கடைக்கு அனுப்புபவர். வெகுநாள் இளைப்புக்காரர். கண் நீர் அழுத்தத்துக்குச் சொட்டு மருந்து தொடங்கியதிலிருந்து ராத்திரியில் படுக்க முடியவில்லை. பனியில் நிற்பதால் என்று அவரே முடிவுகட்டியிருந்தார். புட்டியை வாங்கிப் பார்த்தேன். டிமோலால்.

"ஏன் பாப்பா, கண்ணுல ஊத்துற மருந்து நெஞ்சுக்கு எப்படிப் போகும்?" என்று கேட்டார். கண்ணீர்க் குழாய் வழியே மூக்குக்குள் இறங்கி, கல்லீரலைத் தொடாமலே ரத்தத்தில் கலந்துவிடும் என்றேன். இதயத்தில் பீட்டா-1 அதிகம். மூச்சுக்குழாயைத் தளர்த்தி வைப்பது பீட்டா-2. அதை அடைத்தால் குழாய் இறுகும். இந்த ஏற்பிகளை ஆல்க்விஸ்ட் என்பவர் 1948இல் ஆல்ஃபா, பீட்டா என்று பிரித்தார். ஜேம்ஸ் பிளாக்கின் ப்ரோப்ரனலால் 1964இல் வந்தது. இதய நோயாளிகளுக்கு அது பெரும் வரம், 1988இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. பீட்டாவிலேயே இரண்டு வகை உண்டென்று லேண்ட்ஸ் குழுவினர் சொன்னது 1967இல்தான். பாடப் புத்தகத்தில் வெறும் ஆண்டுகளாகப் படித்தவை, பெரியம்மாவின் மூச்சிரைப்பைக் கேட்டபடி நினைத்தபோதுதான் எனக்கு அர்த்தமாயின.

அன்றே புட்டியோடு கண் மருத்துவரிடம் போனோம். இளைப்பைச் சொன்னதும் வேறு வகைச் சொட்டு எழுதினார். சில நாளில் மூச்சு சீரானது.

பீட்டா-1ஐக் குறிவைக்கும் முதல் வகை என்றால் முழுப் பாதுகாப்பு என்பதும் இல்லை. அளவு கூடினால் அட்டெனலாலும் மெட்டோப்ரலாலும் பீட்டா-2ஐத் தொடும். அதற்காக மாத்திரையை நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். நெஞ்சுவலி, மாரடைப்பு வரை போகலாம். இளைப்பு உள்ளவர்கள் கண் மருத்துவரிடமும் அதைச் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.