உள்ளூரில் யாரைத் தெரியும்?

சீயமங்கலம் தூணாண்டார் கோயில் வாசலில் நின்றபோது என் கைப்பேசியில் சிக்னல் முழுசாக இருந்தது. சிங்கப்பூரில் அலுவலகத்தில் இருந்த மகளை வீடியோவில் அழைத்து, பாறையையும் வெயிலையும் காட்டினேன். கோயிலைக் காட்ட முடியவில்லை. பூட்டியிருந்தது. கம்பிக் கதவில் கட்டித் தொங்கவிட்ட அட்டையில் ‘குருக்கள்’ என்று எழுதி, கீழே பத்து இலக்கத்தில் ஒரு செல் நம்பர். சுமார் மூவாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கும் மகளோடு முகம் பார்த்துப் பேசுகிறேன். அடுத்த தெருவில் இருக்கும் குருக்களைக் கூப்பிட வழியில்லை.

காரணம் எளிது. என் போனில் இருந்தது டேட்டா மட்டும் தரும் பயண இசிம். புறப்படுவதற்கு முன்பே வீட்டு சோபாவில் உட்கார்ந்து வாங்கியது. நெட் உண்டு, நம்பர் கிடையாது. அட்டையில் இருந்த எண்ணை வாட்ஸாப்பில் தேடினேன். அப்படி ஒருவர் அங்கே இல்லை.

நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் சிங்கப்பூர். தாத்தா இந்தச் சீயமங்கலத்துக்குப் பக்கத்துத் தேசூர்க்காரர். ரஜுலா கப்பலில் போய் இறங்கியவர். ஆக, பேச்சு தமிழ், பாஸ்போர்ட் சிவப்பு. இந்தியாவுக்குள் நுழைந்தால் நான் ‘ஃபாரினர்’. செஞ்சிக் கோட்டை டிக்கெட் கவுன்டரில் உள்ளூர்க்காரருக்கு 25 ரூபாய், எனக்கு 300. சார்க், பிம்ஸ்டெக் நாட்டவருக்கு இந்தியர் கட்டணமே என்பதால் இலங்கையிலிருந்து வருகிறவர் 25 கொடுத்து என்னைத் தாண்டிப் போகலாம். அதில் வருத்தமில்லை. கோட்டைக்கு அந்த விலை தகும்.

வருத்தமெல்லாம் சென்னை விமான நிலையத்தில் ஆரம்பித்தது. அங்கே இலவச வைஃபை உண்டு. சேர வேண்டுமென்றால் போனுக்கு ஓடிபி வரவேண்டும். என் சிங்கப்பூர் சிம்முக்கு ரோமிங் போட்டிருக்கவில்லை. நெட் வாங்க நம்பர் வேண்டும், நம்பர் வாங்கத்தானே நான் நெட்டைத் தேடுகிறேன்! இசிம் ஏற்கெனவே இருந்ததால் கார் பிடிக்க முடிந்தது. அந்த இசிம்மையும் வந்திறங்கிய பிறகு வாங்கலாம் என்று இருந்துவிடக் கூடாது. 2024 ஜனவரியில் ஏராலோ, ஹோலாஃப்ளை என்ற இரண்டு நிறுவனங்களின் செயலிகளை இந்திய ஆப் ஸ்டோர்களிலிருந்து எடுக்கும்படி அரசு சொன்னது. உரிய அனுமதியில்லாமல் விற்கிறார்கள் என்பது காரணம்.

நம்பரோடு ஒரு சிம் இருந்தால் நல்லது என்று விமான நிலையத்திலேயே ஒரு கடையில் நின்றேன். பாஸ்போர்ட் நகல், விசா நகல், போட்டோ எல்லாம் கொடுத்தேன். சாங்கியில் என்றால் பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்து, சிம்மைப் போட்டு, காசை வாங்கி அனுப்பிவிடுவார்கள். இங்கே விண்ணப்பத்தில் இன்னும் ஒரு கட்டம் இருந்தது.

“லோக்கல் ரெஃபரன்ஸ் மேடம். உள்ளூர்ல உங்களுக்கு யாரைத் தெரியும்?”

செஞ்சியில் இருக்கும் சித்தப்பாவின் நம்பரைக் கொடுத்தேன். அவருக்கு ஒரு போன் வரும், ‘ஆமாம், தெரியும்’ என்று சொன்னால் போதும், நாலு மணி நேரத்தில் ஆக்டிவேட் ஆகிவிடும் என்றார்கள்.

நாலு மணி நேரம் இரண்டு நாளானது. சிம் பொணமாகக் கிடந்தது. செஞ்சி போய்ச் சேர்ந்து, “சித்தப்பா, ஏதாவது போன் வந்ததா?” என்று கேட்டால், “தெரியாத நம்பரையெல்லாம் நான் எடுக்கறதே இல்லம்மா. எடுத்தா லோன் வேணுமாங்கறான், உங்க பேர்ல பார்சல் வந்திருக்குங்கறான். போலீஸ்காரனே சொல்றான் எடுக்காதேன்னு” என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. போன் மோசடிக்குப் பயந்து பெரியவர் ஒருவர் ஒழுங்காக நடந்துகொண்டார்; அதனால் அவர் அண்ணன் மகள் நம்பரில்லாமல் நின்றாள்.

மறுநாள் காலை கடைத்தெருவில் ஒரு செல்போன் கடைக்குப் போனோம். கடைப் பையன் சுறுசுறுப்பு. “ஆதார் குடுங்கக்கா, கைரேகை வெச்சா அஞ்சு நிமிஷம்.”

“ஆதார் இல்லை தம்பி. பாஸ்போர்ட்.”

என்னை மேலும் கீழும் பார்த்தான். “நல்லா தமிழ் பேசறீங்களே!”

பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வெளிநாட்டுக்காரருக்குத் தன்னிடம் போட வழியில்லை, கம்பெனி ஷோரூமில்தான் முடியும், விழுப்புரம் போய்ப் பாருங்கள் என்றான். உடனே சித்தப்பா, “என் ஆதார்ல ஒண்ணு போட்டுக் குடுப்பா, இவ ஊருக்குப் போறப்ப குடுத்துட்டுப் போவா” என்றார். பாசம்தான். ஆனாலும் வேண்டாம் என்றேன். அவர் பெயரில் இருக்கும் நம்பரில் நான் ஏதாவது செய்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அதிலும் 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி, ஏமாற்றியோ ஆள்மாறாட்டம் செய்தோ சிம் வாங்கினால் 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். 2008 மும்பைத் தாக்குதலில் பொய் ஆவணம் காட்டி வாங்கிய சிம் கார்டுகள் பயன்பட்ட நாடு இது. கெடுபிடி ஏன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கெடுபிடி இருந்தும் சுலபமாகச் செய்ய முடியாதா என்றால், ஒரு தரம் முயன்றிருக்கிறார்கள். 2017 பிப்ரவரியில் இ-விசாவில் வருகிற பயணிகளுக்கு பிஎஸ்என்எல் சிம் ஒன்றை இலவசமாகக் கொடுக்கும் திட்டம் தில்லி விமான நிலையத்தில் தொடங்கியது. 50 ரூபாய் பேச்சு, 50 எம்பி டேட்டா. 50 எம்பி இன்று ஒரு கல்யாண வீடியோவுக்குக் காணாது. ஆனால் வந்திறங்கியவர் கையில் வேலை செய்யும் ஒரு நம்பரைக் கொடுத்தார்களே, அந்த யோசனை சரியானது. என் கையில் அப்படி எதுவும் யாரும் கொடுக்கவில்லை.

சரி, சீயமங்கலம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. டிரைவரிடம் போன் வாங்கலாம் என்றால் அவர் காரைத் திருப்பிக்கொண்டு தேசூருக்கு டீ குடிக்கப் போயிருந்தார். புல்லுக்கட்டோடு வந்த ஒரு பெண்மணி நின்று, “இன்னாம்மா, சாமி பாக்கணுமா?” என்றார். அட்டையைக் காட்டினேன். கட்டை இறக்கி வைத்து, இடுப்பிலிருந்து போனை எடுத்து, அட்டையைப் பார்க்காமலே நம்பரைப் போட்டார். “ஐரே, யாரோ வெளியூரு. வாங்க.” என்னை யாரென்று கேட்கவில்லை. நகலும் போட்டோவும் கேட்கவில்லை.

கால் மணி நேரத்தில் குருக்கள் டிவிஎஸ் ஃபிப்டியில் வந்தார். சட்டைப்பையில் பட்டன் போன். “பெரிய போன் நமக்கு ஒத்துவரலைம்மா” என்றபடி பூட்டைத் திறந்தார்.

முன்னால் இருக்கும் மண்டபங்கள் பிற்காலத்தவை. அவற்றைத் தாண்டினால் பாறை. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த குகை. அவனிபாஜன பல்லவேசுவரம் என்று பெயரைத் தூணிலேயே வெட்டிவைத்திருக்கிறான். டார்ச் போட்டேன். அரைத்தூணின் மேற்பகுதியில், சட்டென்று கண்ணில் படாத சிறிய சிற்பமாக, ஒரு காலைத் தூக்கி மடக்கி ஆடும் சிவன். புஜங்கத்ராசிதம் என்பார்கள்: காலடியில் பாம்பைக் கண்டவன் வெடுக்கென்று காலை எடுப்பது போன்ற நிலை. நாம் வெண்கலத்தில் பார்த்துப் பழகிய நடராசருக்குச் சில நூற்றாண்டு மூத்தவர். தமிழகக் கல்லில் கிடைத்த ஆடல்வல்லான்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று. இன்னொரு அரைத்தூணில் காளையோடு சிவனும் உமையும். டார்ச்சை அணைத்துவிட்டு வாசலிலிருந்து வரும் வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். மகளுக்கு மறுபடி வீடியோ போட நினைத்தேன். பாறைக்குள் சிக்னல் இல்லை.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை, மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது. மற்ற பதினொன்றும் மகாராட்டிரத்தில். இனி வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருவார்கள். அவர்களில் எல்லோருக்கும் செஞ்சியில் சித்தப்பா இருக்கமாட்டார். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் பாஸ்போர்ட்டுக்கு சிம் போட்டுத் தரும் கவுன்டர் ஒன்றாவது வேண்டும்.

அதுவரை, வருகிறவர்கள் இசிம்மைப் புறப்படும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். வரைபடத்தைத் தரவிறக்கி வையுங்கள், விசா நகல் இரண்டு, போட்டோ இரண்டு, சில்லறை நோட்டு. உள்ளூரில் இருக்கிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: உங்கள் வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து யாராவது வருகிறார்கள் என்றால், அந்த இரண்டு நாள் மட்டும் தெரியாத நம்பரையும் எடுங்கள். ஓடிபி கேட்டால் சொல்லாதீர்கள். ‘இவரைத் தெரியுமா?’ என்று கேட்டால் மட்டும், தெரியும் என்று சொல்லுங்கள்.