தை அமாவாசை வலை

2018 ஜனவரி 16, தை அமாவாசை. அன்று இரவு பழவேற்காடு ஏரியில் ஒருவர் கட்டி வைத்திருந்த இறால் வலையை நான் கத்தியால் அறுத்தேன். கை தவறிப் பட்டுவிட்டது என்று சொல்ல வழியில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று, நெற்றியில் மாட்டியிருந்த விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் தடவித் தடவி அறுத்தேன். விடிந்ததும் வலைக்காரர் வந்து விசாரித்தபோது, தூங்கிக்கொண்டிருந்தேன் என்றேன். என் மனைவி பக்கத்தில் நின்று எனக்காகச் சாட்சி சொன்னாள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு உருக்காலையில் நான் ஷிஃப்ட் பார்க்கிறவன். பர்னஸ் பக்கம் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தால் காது மடலுக்குள்கூடக் கருந்தூசி இருக்கும். என் மனைவி மீஞ்சூரில் பிறந்தவள். அவள் அப்பா ஆலைத் தொழிலாளி. லீவு நாளில் பக்கிங்ஹாம் கால்வாயில் வீச்சுவலை போடுவார், அது இல்லையென்றால் மூங்கில் தூண்டிலோடு உட்கார்ந்துவிடுவார். ஐந்து வயதிலிருந்து அவரோடு கரையில் உட்கார்ந்தவள் இவள். அவர் போன பிறகு அவர் நினைவாக வீட்டுக்கு வந்தது ஒரே ஒரு பொருள்தான். மரப்பிடி போட்ட மீன் அரியும் கத்தி. பிடியில் அவர் கட்டைவிரல் பதிந்து பதிந்து ஒரு குழி விழுந்திருக்கும்.

அந்தப் பொங்கல் பயணம் அவள் ஆசை. ஓர் ஆற்றைப் பிடித்துக்கொண்டு அது ஏரியில் விழும் இடம்வரை போக வேண்டும், வழியில் தூண்டில் போட வேண்டும், ராத்திரி வெட்டவெளியில் படுக்க வேண்டும். அதற்கு அவள் தேர்ந்தெடுத்தது ஆரணியாறு. ஆந்திரத்து மலைகளில் பிறந்து, பிச்சாட்டூரில் அணைக்குள் தேங்கி, ஊத்துக்கோட்டை வழியாக நம் மாவட்டத்துக்குள் வந்து, பெரியபாளையத்தம்மன் கோயில் ஓரமாக ஓடி, பொன்னேரியைத் தாண்டிப் பழவேற்காடு ஏரியில் சேரும் ஆறு அது. பாதி நாள் அதில் மணல்தான் இருக்கும். மழைக்காலம் முடிந்த தை மாதத்தில் அங்கங்கே மடுவாகத் தண்ணீர் நிற்கும். பழைய ஆம்னி வேனின் பின் சீட்டைக் கழற்றி மெத்தை போட்டோம். ஒரு சின்னக் கூடாரம், ஒற்றை பர்னர் அடுப்பு, அரிசி, புளி, மிளகாய்த்தூள் எல்லாம் ஏற்றினோம். அந்தக் கத்தியையும் அவள் எடுத்து வைத்தாள்.

நான் எனக்கென்று ரீல் வைத்த தூண்டில் ஒன்று வாங்கியிருந்தேன். கூடவே மீன்போலவே செய்த பொய் இரை ஒன்று, வயிற்றிலும் வாலிலும் மும்முள் கொக்கியோடு. அதன் விலை 850 ரூபாய். அந்த எண்ணை மறக்க முடியாது.

14-ஆம் தேதி பொங்கல் பொங்கிச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். முதல் இரவு பூண்டிக்குப் பக்கத்தில். சென்னைக்குக் குடிநீர் தரும் அந்த நீர்த்தேக்கம் 1944-இல் கட்டி முடிந்தது. மதராஸ் மேயராக இருந்து அந்த வேலையைத் தொடங்கிவைத்த சத்தியமூர்த்தி அதற்கு முந்தைய வருடமே காலமாகிவிட்டார். தண்ணீர் நிறைந்ததை அவர் பார்க்கவில்லை, பெயர் மட்டும் ஏரிக்கு வந்தது. 1996-இலிருந்து கிருஷ்ணா தண்ணீரும் ஊத்துக்கோட்டை வழியாகக் கால்வாயில் இங்கேதான் வருகிறது. நீர்த்தேக்கக் கரையில் தங்க முடியாது என்பதால் தெரிந்தவர் ஒருவருடைய மாந்தோப்பில் கூடாரம் போட்டு, பக்கத்து ஊர் ஏரியில் தூண்டில் போட்டோம். அவள் தோப்பிலேயே மண்புழு தோண்டி, மூங்கில் கழியை வீசி, ஒரு மணி நேரத்தில் நாலு ஜிலேபிக் கெண்டை பிடித்தாள். எனக்கு ஒன்றும் இல்லை. மறுநாள் பெரியபாளையத்துக்குக் கிழக்கே ஒரு மடுவில், நாணல் ஓரமாகத் தவளைக்குஞ்சை மாட்டித் தாழ விட்டவள் முழங்கை நீள விராலைக் கரைக்குத் தூக்கினாள். வழியில் போன ஆடு மேய்க்கும் பெரியவர் நின்று, “பொண்ணு கை ராசிக் கை” என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குள் ஏதோ சுருங்கியது. அதைச் சொல்லாமல் இந்த வாக்குமூலத்தில் அர்த்தமில்லை. சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அந்த விராலை நான் கையில் தூக்கிப் பிடித்தபடி அவளைப் போட்டோ எடுக்கச் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே எடுத்தாள். அதை ஷிஃப்ட்காரர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் போட்டேன். “சார் பிடிச்சதா?” என்று ஒருவன் கேட்டான். ஆமாம் என்று எழுதினேன். அந்த ஆமாம்தான் முதல் அறுப்பு என்று இப்போது தெரிகிறது.

16-ஆம் தேதி காணும் பொங்கல். பழவேற்காட்டில் நிற்க இடமில்லாத கூட்டம். கூட்டத்துக்கு ஒதுங்கி டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். 1613-இல் அவர்கள் கட்டிய கெல்டிரியா கோட்டை மண்மேடாகப் போய்விட்டது. கல்லறைகள் மட்டும் எழுத்துக் கலையாமல் இருக்கின்றன. வாசலின் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். அவள் கல்வெட்டுகளைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அங்கே மனம் நிற்கவில்லை. இன்று ராத்திரி பெரிய கொடுவா ஒன்றை நான் பிடிக்க வேண்டும் என்பது மட்டுமே ஓடிக்கொண்டிருந்தது.

சாயந்திரம் டீக்கடையில் ஒரு பெரியவர் பாடு என்றால் என்னவென்று எங்களுக்குச் சொன்னார். என் மனைவி கேட்டதற்குத்தான் சொன்னார், ஆனால் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஏரி எங்கும் மீன் உண்டு. ஆனால் முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களில்தான் இறால் கொழிக்கும். ஏரியில் வளர்ந்த இறால், தண்ணீர் வற்றும் நேரத்தில் கடலைப் பார்த்துப் போகும். சவுக்குக் கம்பு நட்டு வலை கட்டினால் அந்த ஓட்டத்தில் வந்து விழும். அமாவாசை, பௌர்ணமி ஓட்டம் என்றால் இன்னும் நல்லது. எல்லாரும் அங்கேயே போய் விழுந்தால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் மூன்றும் முறை வைத்துக்கொண்டு அந்த இடங்களில் இறங்குகின்றன. ஒரு குப்பத்துக்குள்ளும் யாருக்கு எந்த இடம் என்று சீட்டுப் போட்டுத்தான் எடுக்கிறார்கள். சட்டப் புத்தகத்தில் இல்லாத சட்டம், தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. “உன் நாள்ல நீ விட்டேன்னா, திரும்ப உன் முறை வர்றவரைக்கும் பாத்துக்கினு இருக்க வேண்டியதுதான்” என்றார் பெரியவர்.

ஆக, தெரியாமல் செய்தேன் என்ற வாசல் எனக்கு அடைபட்டது. தெரிந்து ஆறு மணி நேரம்கூட ஆகவில்லை.

பாலத்தைத் தாண்டி, கலங்கரை விளக்கம் இருக்கும் பக்கம், சவுக்குத் தோப்பு ஓரமாகக் கேட்டுக்கொண்டு கூடாரம் போட்டோம். அவள் சமைத்து, சாப்பிட்டுத் தூங்கிவிட்டாள். பதினொரு மணிக்குமேல் நான் எழுந்து தூண்டிலை எடுத்துக்கொண்டேன். பெரிய மீன் விழுந்தால் வேண்டுமென்று அவளைக் கேட்காமலே அவள் அப்பா கத்தியையும் இடுப்பில் செருகிக்கொண்டேன்.

ஏரியில் ஆழம் இல்லை, நடந்துகொண்டே போகலாம். தூரத்தில் கம்புகள் வரிசையாகத் தெரிந்தன. அதற்கு அப்பால் ஒரு படகில் சின்ன வெளிச்சம். வலை கட்டியிருக்கும் இடம் என்று தெரிந்தும், கொடுவா அங்கேதான் இறாலைத் தின்ன வரும் என்று கணக்குப் போட்டு, கம்புக்குப் பக்கத்தில் வீசினேன். மூன்றாவது வீச்சில் கொக்கி வலையில் மாட்டிக்கொண்டது. இழுக்க இழுக்கக் கம்பு ஆடியது. கிட்டப் போய்ப் பார்த்தேன். மும்முள் கொக்கி இரண்டும் கண்ணிகளில் ஏறி முறுக்கிக்கொண்டிருந்தன.

தூண்டில் நரம்பை அறுத்துவிட்டு வந்திருக்கலாம். 850 ரூபாய் போயிருக்கும். படகுக்காரரைக் கூப்பிட்டு, “அண்ணே, தெரியாம மாட்டிடுச்சு” என்று சொல்லியிருக்கலாம். திட்டிக்கொண்டே இரண்டு நிமிடத்தில் எடுத்துக் கொடுத்திருப்பார். இரண்டும் எனக்குத் தோன்றின. விளக்கை அணைத்தது அதற்குப் பிறகுதான். கொக்கியைச் சுற்றி ஒரு சாண் அளவு வலையை அறுத்து எடுத்தேன். வற்று ஓட்டம் வேகமாக இருந்தது. நான் திரும்பி நாலு எட்டு வைப்பதற்குள் அறுந்த இடம் தண்ணீரின் இழுப்பில் கிழிந்துகொண்டே போவது முதுகுக்குப் பின்னால் கேட்டது. நான் நிற்கவில்லை. கூடாரத்துக்கு வந்து, இரையில் ஒட்டியிருந்த நைலான் துண்டுகளைப் பிய்த்து மணலில் புதைத்தேன். கத்தியைக் கழுவி இருந்த இடத்தில் வைத்தேன்.

காலையில் அவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். தோளில் ஈர வலை.

“தம்பி, ராத்திரி இந்தப் பக்கம் யாராச்சும் வந்தாங்களா? வெளிச்சம் ஒண்ணு தெரிஞ்சு அணைஞ்ச மாதிரி இருந்துச்சு. வலையை அறுத்துட்டுப் போயிருக்கானுங்க. நல்ல ஓட்டம், எல்லாம் அதுவழியாவே போயிடுச்சு.”

“இல்லண்ணே, நாங்க அசந்து தூங்கிட்டோம்” என்றேன்.

அவர் என் தூண்டிலைப் பார்த்தார். என் மனைவி அந்தப் பார்வையைக் கவனித்துவிட்டாள். “எங்க வீட்டுக்காரர் அந்த மாதிரி ஆள் இல்லண்ணே. எங்கப்பாவும் கால்வாய்ல வலை போட்டவருதான். வலையோட அருமை எங்களுக்குத் தெரியும்” என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. அவ்வளவு உறுதி.

அவர் தலையை ஆட்டினார். “உன்னைச் சொல்லலம்மா. அப்போ அவனுங்கதான்” என்று ஏரியின் அந்தக் கரையைப் பார்த்தார். போகும்போது, மிஞ்சியதில் இரண்டு கைப்பிடி இறாலை அவள் பாத்திரத்தில் போட்டுவிட்டுப் போனார், விருந்துக்கு வந்தவர்கள் என்று. அவள் தொக்கு வைத்தாள். நான் சாப்பிட்டேன். அன்றைய வெளிச்சத்தில் பூநாரைகள் தண்ணீரின் கடைசியில் இளஞ்சிவப்புக் கோடாக நின்றன. அவள் அதைத்தான் அந்தப் பயணத்தின் நினைவாக எல்லாரிடமும் சொல்வாள்.

கிட்டத்தட்ட ஆறு வருடம் வாயைத் திறக்கவில்லை. யாருடைய வலை என்று எப்படிக் கண்டுபிடிப்பது, ஏரியில் எத்தனை வலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தக் கத்தியால் அவள் வாரம் ஒரு தடவை மீன் அரிவாள். அந்த நேரத்தில் நான் அடுப்படிப் பக்கம் போக மாட்டேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமுகம் கறுத்தது. படகும் வலையும் கீலாக ஒட்டிக்கிடக்க மீனவர்கள் அதை அள்ளிக்கொண்டிருந்ததை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம். “வலை போனா அவங்களுக்குக் கை போன மாதிரிங்க” என்றாள். அப்போது சொன்னேன். விராலில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கேட்டது ஒரே கேள்வி. “எதால அறுத்தீங்க?”

சொன்னேன். எழுந்து போய்க் கத்தியைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்தாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், “போய்ச் சொல்லிட்டு வரணும். நான் அங்க சாட்சி சொன்னவ, நானும் வர்றேன்” என்றாள்.

2024 பொங்கலுக்குப் பிறகு 15,000 ரூபாயை ஓர் உறையில் போட்டுக்கொண்டு போனோம். யாருடைய வலை என்று கண்டுபிடிக்க முடியாது என்று ஆறு வருடம் சொல்லிக்கொண்டிருந்தேனே, குப்பத்துப் பெரியவர் கேட்டது “எந்த நாள்?” என்பதை மட்டும்தான். 18-ஆம் வருடத் தை அமாவாசை என்றேன். இடத்தையும் சொன்னேன். பக்கத்தில் இருந்த இரண்டு பேரோடு விரல் விட்டு எண்ணினார். அன்று யாருக்குப் பாடு, எந்தக் கம்பு யாருடையது என்று ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டார். ஒரு தேதி போதுமாக இருந்தது. அது எனக்கு எப்போதும் தெரிந்த தேதி.

வலைக்காரர் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்தார். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. உறையை நீட்டினேன். அவர் கை நீட்டவில்லை.

“எனக்கு வலைப் பணம் அப்பவே வந்துடுச்சு தம்பி. பக்கத்துக் குப்பத்துல ஒரு பையன். முன்னாடி எங்களோட ஒரு தகராறு இருந்துச்சு. அவன்தான்னு பஞ்சாயத்துல வெச்சோம். இல்லன்னு அழுதான். தெண்டம் போட்டாங்க, கட்டினான்.”

என் மனைவி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

அந்தப் பையன் இப்போது ஊரில் இல்லை. அந்தப் பஞ்சாயத்துக்குப் பிறகு ஏரியில் இறங்கப் பிடிக்காமல், கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஏதோ கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறானாம். எந்தக் கம்பெனி என்று தெரியவில்லை. பெயரைச் சொன்னார். நான் செய்ததை அந்தக் குப்பத்திலும் போய்ச் சொல்லிவிட்டுப் போகச் சொன்னார். போனேன். மரத்தடியில் ஏழெட்டுப் பேர் முன்னால் நின்று சொன்னேன். அவனுடைய அம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

சிப்காட்டில் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் சைக்கிளும் பைக்குமாக ஆயிரக்கணக்கானவர்கள் வெளியே வருகிறார்கள். நாலைந்து கம்பெனி கேட்டில் நின்று கான்ட்ராக்ட்காரர்களிடம் அந்தப் பெயரைக் கேட்டிருக்கிறேன். கிடைக்கவில்லை. உறை ஆம்னியின் டாஷ்போர்டுக்குள் அப்படியே இருக்கிறது. என் மனைவி வாரம் ஒரு முறை அதைத் திறந்து பார்க்கிறாள். எங்கள் ஆலையிலும் கான்ட்ராக்ட் ஆட்கள் இருநூறு பேர் இருக்கிறார்கள். அந்தப் பட்டியலை மட்டும் நான் இன்னும் கேட்கவில்லை. கேட்டால், எதற்கு சார் என்று அங்கே கேட்பார்கள்.