திரைவானின் பதவிப் படிகள்

விமானத்தின் அசைவையும் கருவிப்பலகையையும் கணினித் திரையில் மெய்போலக் காட்டும் சிமுலேட்டர்களைக் கொண்டு, இணையவழியே ஒரே வானில் கூடிப் பறக்கும் ஆர்வலர்கள் தங்கள் குழுவை ஸ்குவாட்ரன் என்று அழைப்பதும், அதற்குள் பிளைட் லெப்டினன்ட், ஸ்குவாட்ரன் லீடர், விங் கமாண்டர் எனப் படிநிலைகளை வகுப்பதும், புதியவரைச் சில வாரங்கள் கவனித்த பின்பே உறுப்பினராக ஏற்பதும் பல நாடுகளில் நிலைபெற்ற வழக்கங்கள். இவ்வழக்கங்களின் வேரைத் தேடுவோருக்குப் பெங்களூரைவிடப் பொருத்தமான இந்திய நகரம் அரிது. 1940இல் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை தோன்றியதும், இந்திய விமானப்படையின் பயிற்சித் தலைமையகமும் விண்வெளி மருத்துவ நிறுவனமும் இயங்குவதும் இங்கேயே என்பதால், இரவல் பெறப்பட்ட பெயர்களை அவற்றின் மூலத்தோடு இங்கு ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது.

பதவிப் பெயர்களை எடுத்துக்கொண்டால், அவை பிரிட்டனின் ராயல் விமானப்படையிலிருந்து வந்தவை என்பதே பொதுவான விடை. ஆனால் 1918 ஏப்ரல் 1இல் அப்படை உருவானபோது அதன் அதிகாரிகள் மேஜர், கேப்டன் போன்ற தரைப்படைப் பட்டங்களையே தாங்கியிருந்தனர். தங்கள் பட்டங்களைப் புதிய படை எடுத்தாள்வதைத் தரைப்படையும் கடற்படையும் விரும்பாததால், 1919 ஆகஸ்டில் தனிப் பட்டவரிசை வகுக்கப்பட்டது. அவ்வரிசையில் இடம்பெற்ற விங் கமாண்டர், பிளைட் லெப்டினன்ட் ஆகிய பெயர்கள் அதற்கும் முந்தியவை. 1914இல் பிரிட்டிஷ் கடற்படையின் விமானப் பிரிவு அவற்றை வழங்கிவந்தது. ஆகவே வேர் வானத்தில் இல்லை, கடலில் இருக்கிறது. 1932 அக்டோபர் 8இல் சட்டப்படி பிறந்த இந்திய விமானப்படையும், 1933 ஏப்ரல் 1இல் கராச்சியின் டிரிக் ரோட்டில் நான்கு வாபிட்டி விமானங்களோடு தொடங்கிய அதன் முதல் ஸ்குவாட்ரனும் இவ்வரிசையை அப்படியே ஏற்றன.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. கடற்படைப் பிரிவில் விங் கமாண்டர் போன்ற பெயர்கள் ஒருவர் எதற்குத் தலைவர் என்பதைச் சுட்டின. இன்றைய இந்திய விமானப்படையிலோ பணியாண்டுகளைக் கணக்கிட்டே ஸ்குவாட்ரன் லீடர் பட்டம் ஏறத்தாழ ஆறு ஆண்டிலும், விங் கமாண்டர் பட்டம் பதின்மூன்று ஆண்டிலும் கிடைக்கின்றன. ஸ்குவாட்ரன் லீடர் ஸ்குவாட்ரனுக்குத் தலைமை தாங்குவதில்லை, அப்பொறுப்பு அவருக்கு மூத்த விங் கமாண்டரிடமோ குரூப் கேப்டனிடமோ இருக்கிறது. குழுவை நடத்துபவரையே ஸ்குவாட்ரன் லீடர் என்று அழைக்கும் இணையக் குழுக்கள், தாம் அறியாமலே, மெய்யான படை கைவிட்ட பழைய பொருளை மீட்டுவிட்டன.

விமானமே இல்லாத ஸ்குவாட்ரன் என்ற கருத்தும் விளையாட்டுக்காரர்களின் கற்பனை அன்று. 1959இல் தொடங்கப்பட்ட 45ஆம் ஸ்குவாட்ரன், அதன் மிக்-21 விமானங்கள் போன பிறகு எண்ணும் சின்னமும் மட்டும் காக்கப்பட்ட நிலையில் உறங்கிக் கிடந்து, 2016 ஜூலை 1இல் பெங்களூரில் இரண்டு தேஜஸ் விமானங்களோடு மீண்டும் எழுந்தது. 2018இல் அது கோவையை அடுத்த சூலூருக்கு இடம்பெயர்ந்தது. ஸ்குவாட்ரன் என்பது முதலில் ஒரு பெயரும் மரபும்தான் என்பதைப் படைகளே ஒப்புக்கொண்டிருக்கின்றன.

நடத்தை விதிகளின் மூலம் இன்னும் செறிவானது. 1980களின் பிற்பகுதியில் வெளிவந்த ஏர் வாரியர் என்னும் விளையாட்டில், மணிக்கணக்கில் கட்டணம் செலுத்திப் பலர் ஒரே வானில் போரிட்டபோது, தனியே பறந்தவர் எளிதில் வீழ்ந்தார், துணையோடு பறந்தவர் பிழைத்தார். குழுக்கள் திரள இதுவே போதிய காரணம். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் ஜெர்மானிய விமானிகள் வகுத்த, நான்கு விரல்நுனிகளைப் போன்ற அணிவகுப்பும், 1940இல் பிரிட்டிஷ் விமானிகள் உயரத்தை ஆயிரம் அடிக் கணக்கில் ஏஞ்சல்ஸ் என்றும் பகை விமானத்தைப் பாண்டிட் என்றும் சுருங்கச் சொன்ன வானொலி வழக்கும் இக்குழுக்களுக்குள் புகுந்தன. அவை அலங்காரத்துக்காக வந்தவை அல்ல. ஒரே அலைவரிசையில் இருவர் ஒருசேரப் பேசினால் இருவர் சொல்லும் கெடும் என்ற இயற்பியல் உண்மையிலிருந்தே அழைப்புப் பெயரை முதலில் சொல்லுதல், தேவையற்றபோது வாய்மூடியிருத்தல் போன்ற விதிகள் பிறந்தன. தலையணி ஒலிவாங்கியில் எட்டுப் பேர் பேசும் இரவிலும் அத்தேவை அப்படியே நிற்கிறது.

போர் சாராத பக்கத்தில், 2001இல் தொடங்கிய வாட்சிம் என்னும், சிமுலேட்டர் ஆர்வலர்களின் தன்னார்வ வலையமைப்பு இவ்வொழுங்கை மேலும் இறுக்கியிருக்கிறது. அங்கே வி.ஓ.பி.எல். என்ற குறியீடு கொண்ட பெங்களூர் விமான நிலையத்தின் வான்வெளியைக் கட்டுப்படுத்த விரும்புபவர் தேர்வெழுதித் தகுதி பெற வேண்டும். படைப்பட்டம் எதுவும் அவருக்குத் தரப்படுவதில்லை. பறப்பவரும் விமானத்தைக் கவனிப்பாரற்று அரைமணி நேரத்துக்கு மேல் விட்டுச்செல்லக் கூடாது. கடத்தலைக் குறிக்கும் 7500 என்ற எண்ணை விளையாட்டாகக்கூடப் பயன்படுத்தக் கூடாது. திறமைக்கு மட்டும் படிநிலை வைக்கும் இம்முறையே, தொப்பியும் தோள்பட்டைச் சின்னமும் தேடும் குழுக்களின் முறையைவிட நேர்மையானது என்று கொள்ளலாம்.

ஆட்சேர்ப்பில்தான் மூலமும் நகலும் பிரிகின்றன. மைசூரில் இயங்கும் விமானப்படைத் தேர்வு வாரியத்தில் உளவியல் சோதனை, குழுப்பணி, நேர்காணல் எனச் சில நாட்கள் நீளும் தேர்வில், விமானியாக விரும்புவோர் நெம்புகோலையும் மிதிகளையும் இயக்கித் திரையின் முன் கணினிவழிச் சோதனை ஒன்றுக்கும் உட்பட வேண்டும். அக்கணினிவழிச் சோதனையை ஒருவர் வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே மேற்கொள்ள முடியும். இணையக் குழுக்கள் இயல்பாற்றலை அவ்வாறு அளப்பதில்லை. பலமுறை மோதி விழுபவரையும் ஏற்றுக்கொண்டு, சொன்ன நேரத்துக்கு வருகிறாரா, வர இயலாதபோது முன்கூட்டித் தெரிவிக்கிறாரா, திருத்தினால் சினக்கிறாரா என்பவற்றையே பார்க்கின்றன. ஆணைக்குப் பணியச் செய்யும் படைச்சட்டம் அவற்றிடம் இல்லை, மிகப் பெரிய தண்டனையே குழுவிலிருந்து நீக்குவதுதான் என்னும்போது இது தவிர்க்க முடியாதது. இதற்கிடையே இந்திய விமானப்படையே இளைஞரை ஈர்க்கும் நோக்கோடு 2019 ஜூலை 31இல் கைப்பேசி விளையாட்டு ஒன்றை வெளியிட்டதால், இரவல் கொடுத்த வீடும் இரவல் வாங்கத் தொடங்கிவிட்டது.

ஆகவே இத்தகைய குழுவில் சேர எண்ணுபவர்கள், அங்கே எத்தனை பட்டங்கள் உள்ளன என்று எண்ணுவதை விடுத்து, புதியவருக்குத் தரையிறங்கக் கற்றுத்தருபவர் யார் என்றும், பறந்து முடித்த பின் நடக்கும் கலந்தாய்வில் தலைவரின் பிழையை இளையவர் சுட்டிக்காட்ட இடமுண்டா என்றும் முதலில் கேட்டறிய வேண்டும்.