சானல் வந்த வழியே

சுவிட்சர்லாந்து நாட்டில் லூசெர்ன் நகருக்கு அருகே வாழும் என் மகளும் மருமகனும் பிள்ளைகள் இருவரோடு சென்ற ஜூலைத் திங்களில் இரணியலுக்கு வந்திருந்தனர். ஒருநாள் இரவு உணவுக்குப்பின், அங்கே தாங்கள் போய்வந்த ஒருநாள் பயணத்தைப் பேரன் விவரித்தான். காலையில் கப்பலேறி ஏரியைக் கடந்து, கரையோரச் சிற்றூர் ஒன்றில் இறங்கி, பற்சக்கரம் பூட்டிய இரயிலில் ரிகி மலைமீது ஏறி, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பினார்களாம். அந்த இரயில் 1871 முதல் ஓடுகிறது. ஐரோப்பாவின் முதல் மலை இரயில் அதுவே.

"பாட்டா, இங்கே ஏரியும் மலையும் கிடையாதா?" என்று பேத்தி கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. வேளிமலையின் நிழலில் பிறந்து வளர்ந்தவன் நான். ஆயினும் பேச்சிப்பாறையைக் கண்டு இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. மனத்தில் வேறொன்றும் உறுத்திக்கொண்டிருந்தது. ஊர்ப்புறத்தில் எங்களுக்கு நாற்பது சென்ட் வயல் உண்டு. சானல் நீர் எங்கள் மடைவரை எட்டாததால் இரண்டு கும்பப்பூ தவறிவிட்டது. சுற்றியுள்ள வயல்களில் தென்னையும் வாழையும் ஏறிவிட்டன. சிலவற்றில் மண்ணிட்டு மூடி வீடுகளும் எழுந்துவிட்டன. எங்கள் வயலுக்கும் ஒருவர் விலை பேசித் திங்கட்கிழமை பதில் கேட்டிருந்தார். "விற்றுவிடுங்கள் மாமா, இனி யார் பயிரிடப் போகிறார்கள்?" என்பது மருமகனின் கருத்து. அவர் சொன்னதில் பிழையில்லை.

வியாழனன்று விடியற்காலையில் வேன் ஒன்றில் புறப்பட்டோம். பத்மநாபபுரம் அரண்மனையைப் பற்றி எழுத நான் முற்படவில்லை. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராயிருந்த இடம். 1956 நவம்பர் 1-ஆம் நாள் நம் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பின்னரும் அரண்மனை மட்டும் கேரள அரசின் பொறுப்பிலேயே நிற்கிறது. பள்ளிச் சுற்றுலாவில் அதைக் காணாத பிள்ளை நம் பங்குகளில் யாருமிரார். நாங்கள் முதலில் இறங்கியது புலியூர்க்குறிச்சியில், உதயகிரிக் கோட்டையில். 1741-இல் குளச்சல் போரில் சிறைப்பட்டு, பின்னர் மார்த்தாண்ட வர்மரின் படைத்தலைவரான டிலனாய் அங்கே துயில்கிறார். கல்லறைமேல் இலத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளன. 2022 மே 15-இல் புனிதராக அறிவிக்கப்பட்ட நம் தேவசகாயத்திற்கு விசுவாசத்தை முதலில் எடுத்துரைத்தவர் இவரே என்றதும், பிள்ளைகள் கல்லைத் தொட்டுப் பார்த்தனர்.

தக்கலை தாண்டிக் குலசேகரத்தை நெருங்க நெருங்க, இருமருங்கிலும் இரப்பர் மரங்கள். ஒவ்வொன்றின் இடுப்பிலும் ஒரு சிரட்டை. சாரல் தூறிக்கொண்டிருந்ததால் அன்று பால் வெட்டு இல்லை. சாலை ஏற ஏறக் காற்றில் குளிர் கூடிற்று. ஒரு வளைவு திரும்பியதும், பேச்சிப்பாறை.

நீரின் விளிம்புவரை இறங்கி நிற்கும் காடும், அதற்குப்பின் மேகம் மறைத்த மலைகளும் கண்கொள்ளாக் காட்சி. மருமகன் வெகுநேரம் பேசாமல் நின்றார். "அங்குள்ள ஏரியைப் போலவே இருக்கிறது, மாமா" என்றார் பின்னர். ஒரு வேறுபாட்டை நான் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த ஏரி, பனியாறுகள் குடைந்த பள்ளத்தில் தானாக நிறைந்தது. இது மனிதர் கல்லடுக்கித் தேக்கியது. மூலம் திருநாள் மகாராசா காலத்தில், 1897-இல் தொடங்கி 1906-இல் முடிந்த வேலை. கோதையாறு கடலுக்கு ஓடிவிடாமல், கீழே நெல் விளைய வேண்டும் என்பதற்காகவே எழுந்த அணை. இன்று இதன் கொள்ளளவு மட்டம் 48 அடி. கட்டிய பொறியாளர் மிஞ்சினை மக்கள் 'மூக்கன் துரை' என்று அழைத்தனராம். மூக்கு அத்தனை நீளம்! அவர் கல்லறையும் அணையின் அருகிலேயே இருக்கிறது. காலையில் ஒரு வெள்ளையர் கல்லறை, நண்பகலில் இன்னொன்று. ஒருவர் கோட்டையை வலுப்படுத்தினார். மற்றவர் தண்ணீரை நிறுத்தினார்.

அக்கரையில் காணிக்காரர் குடியிருப்புகள் உண்டு. தலையில் அரிசி மூட்டையோடு ஒரு தாய் படகிலிருந்து இறங்கினாள். நமக்கு இன்பப் பயணமாயிருப்பது அவளுக்குக் கடைக்குப் போய்வரும் வழி.

திற்பரப்பில் பிள்ளைகள் அருவியில் நனைந்து கூத்தாடினர். வீட்டிலிருந்து கொண்டுசென்ற மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் அன்று கொண்ட ருசி, வீட்டில் ஒருநாளும் கொண்டதில்லை.

மாலையில் மாத்தூர் தொட்டிப்பாலம் சேர்ந்தோம். இரு குன்றுகளுக்கு இடையே பறளியாறு பள்ளத்தில் ஓட, அதற்கு மேலே 115 அடி உயரத்தில் கால்வாய் நீர் தொட்டி வழியே குறுக்கே செல்கிறது. காமராசர் காலத்தில் திட்டமிட்டு 1966-இல் கட்டி முடிக்கப்பட்டது. தாங்கி நிற்கும் தூண்கள் 28. கீழே பார்த்ததும் என் மனைவி செபமாலையை எடுத்துக்கொண்டாள். பேரனோ, தொட்டியின் திறந்த இடமொன்றில் பலாவிலை ஒன்றை இட்டான். அடுத்த திறப்புக்கு ஓடி, இலை வந்து சேர்வதைக் கண்டு கூவினான். மறுமுனை வரை இப்படியே.

"இந்தத் தண்ணீர் நம் வயலுக்கா போகிறது, பாட்டா?"

இது வேறு சானல் என்றேன். பேச்சிப்பாறை நீரும் பெருஞ்சாணி நீரும் புத்தன் அணையில் சேர்ந்து, அங்கிருந்து பிரியும் கால்வாயில்தான் நமக்குரியது வரும்.

"வருகிறதா?"

இதற்கு நான் மறுமொழி சொல்லவில்லை. வழியெல்லாம் உள்ளம் அதையே உழன்றது. மலையில் ஓர் ஏரியே நிறைந்து நிற்கிறது; இங்கோ கடைமடை வறண்டு கிடக்கிறது. இடையில் செடி மூடி, குப்பை அடைத்துக் கிடக்கும் சானலை எத்தனை முறை கண்டும் காணாமல் கடந்திருக்கிறேன்! மனுக் கொடுத்தோமா? ஒருமுறை கொடுத்தோம்; பின்னர் ஓய்ந்துவிட்டோம். வயலைச் சுற்றியுள்ளோர் ஒவ்வொருவராக நெல்லை விட்டபோது, நீர் கேட்போர் தொகையும் குறைந்தது. கேட்பாரில்லாத சானலை யார் தூர்வாருவார்?

இருட்டுவதற்குச் சற்றுமுன் வேனை வயலருகே நிறுத்தச் சொன்னேன். பேரன் இறங்கி மடைவாயில் எட்டிப் பார்த்தான். சட்டைப்பையில் மற்றோர் இலை வைத்திருந்தான் போலும். அதை மடையின் உலர்ந்த மண்மேல் வைத்துவிட்டு வந்து வண்டியில் ஏறிக்கொண்டான்.

திங்களன்று விலை பேசியவர் வந்தார். கும்பப்பூ கழியட்டும், பிறகு பேசலாம் என்று சொல்லியனுப்பினேன். மருமகன் ஒன்றும் சொல்லவில்லை. கொல்லையிலிருந்து மண்வெட்டி இரண்டை எடுத்து வந்தார்.