நின்றபடி ஒரு துண்டு

புவனஸ் அயர்ஸ் பீட்சாவில் முதலில் கண்ணில் படுவது சீஸ்தான். துண்டின் விளிம்பைத் தாண்டி வழிந்து தட்டில் தேங்கி நிற்கும். அடியில், எண்ணெய் தடவிய இரும்புத் தட்டில் வெந்து தடித்த ரொட்டி. அதன் அடிப்புறம் மட்டும் மொறுமொறு. இடையில் தக்காளிச் சாறு இருப்பதை நாக்குதான் கண்டுபிடிக்க வேண்டும். மேலே ஓரிகானோவும் ஒரு பச்சை ஆலிவும். பெயர் முசரெல்லா, ஊர்க்காரர்களுக்கு 'முசா'.

நான் இறைச்சி சாப்பிடுவதில்லை. தெருமுனைக்குத் தெருமுனை மாட்டிறைச்சி சுடும் புகை எழும் அந்த ஊரில், பீட்சாக் கடைகள்தான் எனக்கு வீடாயின. அதிலும் கொரியெந்தெஸ் சாலையை விட்டு நகர மனம் வரவில்லை. நாடக அரங்குகளும் பழைய புத்தகக் கடைகளும் நிறைந்த சாலை அது. நடுவில் 1936இல் எழுப்பிய ஒபெலிஸ்க் தூண். இரவு பத்து மணி அங்கே சாப்பாட்டு நேரம். நாடகம் முடிந்து வெளியே வரும் கூட்டம் நேராகப் பீட்சாக் கடைக்குள் நுழைகிறது.

1932இல் தொடங்கிய குவெர்ரின் இந்தச் சாலையில்தான் இருக்கிறது. உள்ளே மேசை நாற்காலி போட்ட பெரிய கூடங்கள் உண்டு. ஆனால் அந்த ஊரின் பீட்சாவை அறிய வேண்டுமானால் வாசலை ஒட்டிய பகுதியில் நிற்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். முதலில் பணம் கட்டிச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டை நீட்டினால் விறகடுப்பிலிருந்து வந்த தட்டில் ஒரு துண்டை வெட்டி, நம் பக்கம் தள்ளுவார்கள். நாற்காலி கிடையாது. என் இடப்பக்கம் கோட்டு அணிந்த ஒருவர் கைப்பையைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு சாப்பிட்டார். வலப்பக்கம் ஒரு பெரியவர், மொஸ்காத்தோ என்னும் இனிப்பு ஒயினை ஒவ்வொரு மடக்காகக் குடித்தபடி. யாரும் யாரையும் அவசரப்படுத்தவில்லை.

அந்தப் பெரியவரின் தட்டில்தான் ஃபைனாவை முதலில் பார்த்தேன். பஜ்ஜியிலும் மைசூர்பாகிலும் கடலைமாவின் வாசனையை அறிந்த மூக்கு அதை உடனே அடையாளம் கண்டுகொண்டது. கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், எண்ணெய், உப்பு. கரைத்து ஊறவைத்து, வட்டத் தட்டில் ஊற்றி, சூடான அடுப்பில் சுட்டெடுக்கிறார்கள். மேலே மிளகுத்தூள். அதையும் முக்கோணமாக வெட்டி, பீட்சாத் துண்டின் சீஸ் மேலேயே படுக்கவைத்து, இரண்டையும் சேர்த்துக் கடிக்கிறார்கள். ரொட்டி மேல் சீஸ், சீஸ் மேல் கடலைமாவு என்றால் கேட்கவே திகட்டும். வாயில் போட்டால் கதை வேறு. சீஸின் கொழுப்பை ஃபைனா உறிஞ்சிக்கொள்கிறது. மிளகு சுள்ளென்று ஏறுகிறது. அடுத்த கடிக்கு நாக்கு தயாராகிவிடுகிறது. ஃபைனா இல்லாத முசா எனக்கு இப்போது பாதிச் சாப்பாடுதான்.

இந்தச் சேர்க்கை துறைமுகத்தில் பிறந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இத்தாலியர்கள் லட்சக்கணக்கில் அர்ஜென்டினாவுக்குக் கப்பலேறினார்கள். ரியாச்சுவேலோ ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கும் லா போகாவில் ஜெனோவாக்காரர்கள் குடியேறினார்கள். அந்தப் பேட்டையின் போகா ஜூனியர்ஸ் கால்பந்து அணிக்கு இன்றும் ஜெனோவாக்காரர்கள் என்றே பட்டப்பெயர். கடலைமாவுத் தட்டும் வெங்காய ரொட்டியும் அவர்கள் ஊர்ச் சாப்பாடு. பீட்சா நேப்பிள்ஸுடையது. இத்தாலியில் தனித்தனி ஊர்களின் உணவாக இருந்தவை இங்கே ஒரே அடுப்புக்குள் போயின. பாம்பாஸ் சமவெளியில் கோதுமைக்கும் பசும்பாலுக்கும் பஞ்சமில்லை. வறுமைக்குத் தப்பி வந்தவர்கள், மாவையும் சீஸையும் அளந்து போட வேண்டியதில்லை என்ற நிலையை முதல்முறையாகக் கண்டார்கள். இது கெட்டுப்போன இத்தாலிய பீட்சா என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தத் தடிமனில் அவர்களுடைய பழைய பசியும் புதிய நிம்மதியும் சேர்ந்தே இருக்கின்றன.

லா போகாவில் 1932இல் பீட்சாக் கடை திறந்த ஹுவான் பான்கெரோதான் வெங்காய ரொட்டிக்குச் சீஸ் சேர்த்தவர் என்று ஊரில் சொல்கிறார்கள். அதன் வாரிசு ஃபுகாசெட்டா. தக்காளியே இல்லை, மெல்லியதாக அரிந்த வெங்காயம், சீஸ், மாவு, அவ்வளவுதான். வீய்யா ஒர்தூசார் பகுதியில் 1939 முதல் நடக்கும் லா மெசெத்தா என்ற சின்னக் கடையில் இரண்டு அடுக்கு மாவுக்கு நடுவே சீஸை அடைத்துத் தருகிறார்கள். மேலே இருக்கும் வெங்காயம் நுனி கருகி, அடியில் இனித்துக் கிடக்கும். அங்கும் நின்றுதான் சாப்பிட வேண்டும். இடம் கிடைக்காதவர்கள் நடைபாதையில் நிற்கிறார்கள். அந்த ஊரில் நான் சாப்பிட்டவற்றில் இதற்கே முதலிடம்.

சீஸே இல்லாத பீட்சாவும் உண்டு. கால்பந்து மைதான வாசல்களில் விற்கப்பட்டது என்பதால் மைதான பீட்சா என்று பெயர். ரொட்டியின் மேல் தக்காளி, பூண்டு, ஓரிகானோ, மிளகாய், அவ்வளவே. ஆறினாலும் ருசி குறையாது. காரத்துக்கு ஏங்கும் நாக்கு உள்ளவர்கள் தேடிப் போகலாம்.

போகிறவர்களுக்கு ஒன்று: முழு பீட்சா வாங்காதீர்கள், இருவருக்கே அது மிகும். ஒரு கடையில் ஒரு முசாவும் ஒரு ஃபைனாவும் வாங்கி, நின்று சாப்பிட்டு, நாலு தெரு நடந்து அடுத்த கடையில் ஃபுகாசெட்டா கேளுங்கள். நள்ளிரவானாலும் கொரியெந்தெஸில் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கும்.