கறுப்புக் கல் தீவில் நான்கு நாட்கள்

தென்கொரியாவின் தெற்குக் கடலில் கிடக்கும் எரிமலைத் தீவு ஜேஜு. தலைநகர் சோலிலிருந்து விமானத்தில் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதல். காற்று, கல், பெண்கள் மூன்றுக்கும் இங்கு குறைவில்லை என்பது அவ்வூர்ப் பேச்சு. காற்று முதல் நாளே எங்கள் குடையை முறித்துப்போட்டது. கல்லோ கண்ட இடமெல்லாம்: தோட்டங்களைச் சுற்றிச் சாந்தில்லாமல் அடுக்கிய கரிய மதில்கள், அவற்றிடையே மேயும் குதிரைகள். நெடுந்தீவு நினைவு வராமல் போகுமா?

பெண்கள் என்பது 'ஹேன்யோ' எனப்படும் முத்துக்குளிப்பார் போன்ற சுழியோடிகள். ஆனால் எடுப்பது முத்தல்ல. சிப்பி, சங்கு, கடல் அட்டை. காற்றுக் கலன் கிடையாது, மூச்சை அடக்கியே இறங்குகிறார்கள். பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். மேலே வந்ததும் விடும் மூச்சு சீழ்க்கை போலக் கேட்கிறது. 2016இல் யுனெஸ்கோ இதை மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

கடல் அட்டையைப் பச்சையாக வெட்டி, உறைப்புச் சாந்துடன் தந்தார்கள். நம்மவர் கடலில் அட்டை பிடித்து ஏற்றுமதி செய்வார்களே தவிர வாயில் வைத்தறியோம். எங்கள் பிள்ளைகள் சாப்பிட்டார்கள்; நாங்கள் சிப்பிக் கஞ்சிக்கு மாறிக்கொண்டோம். குடலும் சேர்த்துக் காய்ச்சுவதால் இளம்பச்சை நிறம், காய்ச்சல்காரருக்கும் கொடுக்கலாம் போன்ற பதம். கறுப்புப் பன்றி வாட்டலை எல்லோரும் புகழ்கிறார்கள். எங்களுக்கு அதைவிடப் பொரித்த சாவாளைதான் பிடித்தது.

182 மீற்றர் உயரமான சொங்சான் எரிமலை வாயில் ஏறிச் சூரியோதயம் பார்ப்பது வழமை. அந்த மலையடிக் கடற்கரையிலும் ஒரு காலம் ஊரவரைச் சுட்டுக் கொன்றிருக்கிறார்கள். 1948 ஏப்ரல் 3இல் வெடித்த கிளர்ச்சியை அடக்குவதாகச் சொல்லி மலைச்சரிவுக் கிராமங்கள் எரிக்கப்பட்டன. 1954 வரை மாண்டோர் 25,000 முதல் 30,000 என்பது அரச விசாரணையின் மதிப்பீடு. தப்பியவர் பலர் கள்ளத்தோணியில் யப்பானின் ஒசாகாவுக்கு ஓடினர். பல ஆண்டுகள் இதை வாய்விட்டுப் பேசவே முடியாதிருந்தது. 2003இல்தான் ஜனாதிபதி ரோ மூ-ஹியூன் மன்னிப்புக் கேட்டார்.

நினைவுப் பூங்காவில் காணாமற் போனோருக்கு வரிசை வரிசையாகக் கற்கள். கீழே உடல் இல்லை. உள்ளே ஒரு வெண்கல் எழுத்தில்லாமல் படுத்திருக்கிறது. அந்த நாட்களுக்கு என்ன பெயர் வைப்பதென்று இன்னும் முடிவாகவில்லையாம். நாங்கள் அவ்விடத்தில் அதிகம் பேசவில்லை.

அனுமதி இலவசம், நகரிலிருந்து பஸ் உண்டு. போகிறவர்கள் அரைநாள் ஒதுக்குங்கள்.