மரியத்தின் பெயரில் தொலைந்த ஆறு கோடுகள்



கடந்த தவணை விடுமுறையில் நாம் விட்ட ஒரு பிழையை இங்கே எழுதி வைக்கிறோம். பாடசாலைகளில் கணினி வேலை பார்க்கும் ஆசிரியர்களுக்கு உதவும்.

பழைய மென்பொருளில் இருந்த மாணவர் விபரங்களைப் புதிய தரவுத்தளத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. பழையது ஒவ்வொரு பிள்ளையின் விபரத்தையும் ஜேசன் வடிவில் தந்தது. நாம் அந்த வரியை அப்படியே மேற்கோள் குறிக்குள் வைத்து மைஎஸ்கியூஎல்லுக்கு அனுப்பினோம். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. முதல் 10 வரிகளைத் திறந்து பார்த்தோம். ஆங்கிலத்தில் பதிந்த பெயர்கள், எல்லாம் சரி. அதிபரிடம் "முடிஞ்சி சேர்" என்றும் சொல்லிவிட்டோம்.

பிறகு ஒரு தாய் மகளின் விடுகைப் பத்திரத்துக்கு வந்தார். மரியம் என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் இலக்கமுமாக 30 குறிகள். "இது எண்ட புள்ளட பேரா சேர்?" என்று கேட்டார். எமக்கு வாய் திறக்க முடியவில்லை.

நடந்தது இதுதான். ஜேசனில் தமிழ் எழுத்தைத் தமிழாகவும் எழுதலாம், குறியீடாகவும் எழுதலாம். எமக்கு வந்தது குறியீடு: முதலில் \ என்ற பின்சாய்கோடு, அடுத்து 'யூ' என்ற ஆங்கில எழுத்து, அதன்பின் நான்கு குறிகள். 'மரியம்' எம் கண்ணுக்கு 4 எழுத்து, கணினிக்கு 6. ஆக மொத்தம் 36 குறிகள். ஆனால் மைஎஸ்கியூஎல்லும் மேற்கோளுக்குள் வரும் \ குறியைத் தனக்கான கட்டளையாகவே எடுக்கும். தெரியாத கட்டளை என்றால் \ ஐ எறிந்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளும். 36 இல் 6 போய் 30 ஆனது. ஆங்கிலப் பெயர்களில் \ இல்லை. அதனால் அவை தப்பின. எமது பிள்ளைகளின் தமிழ்ப் பெயர்கள்தான் சத்தமில்லாமல் சிதைந்தன.

வீட்டுப் பெயரை மேற்கோள் குறிக்குள் எழுதியிருந்த விபரங்களுக்கு இன்னும் மோசம். அங்கே \ போனதும் ஜேசன் பாதியில் முறிந்து, அந்த விபரம் திறக்கவே இல்லை.

முதலில் ஒவ்வொரு \ ஐயும் இரண்டாக்கினோம். சரிவந்தது. ஆனால் அது ஒட்டுப்போடும் வேலை. நாளை இன்னொருவர் அதே வரியை மீண்டும் இரட்டித்தால் வேறு விதமாகக் கெடும். சரியான வழி, கட்டளையில் தரவு வரும் இடத்தில் கேள்விக்குறி மட்டும் வைத்து, தரவைத் தனியாகக் கொடுப்பது. அதை 'பிரிப்பேர்ட் ஸ்டேட்மென்ட்' என்பார்கள். அப்போது \ ஐ நாம் தொடவே தேவையில்லை. மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருந்ததால் எல்லாவற்றையும் மீண்டும் ஏற்றினோம்.

ஏற்றிய பின் முதல் 10 வரிகளோடு நிற்காதீர்கள். ஒரு தமிழ்ப் பெயர், மேற்கோள் குறி உள்ள ஒன்று, பல வரி முகவரி ஒன்று: இந்த மூன்றையும் வெளியே எடுத்து மூலக் கோப்போடு ஒப்பிடுங்கள்.

மறுநாள் பத்திரத்தைக் கொடுத்தோம். அந்தத் தாய் முதலில் பார்த்தது பெயரைத்தான். நாமும் அங்கிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும்.

இதே வேலையில் இருப்பவர்களுக்கு இதை அனுப்பிவிடுங்கள்.